வெளியே வைத்த ஏழு படங்கள்

அந்த ஏழு படங்களையும் நான் மறந்துபோய் வெளியே விடவில்லை. தெரிந்துதான் விட்டேன். இத்தனை வருடங்களில் இதை இரண்டு பேரிடம் மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒருவர் அப்போது எங்களுக்கு வேலை தந்தவர். மற்றவள் அந்தப் படங்களைக் கீறித் தந்தவள். அவளிடமும் நானாகச் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்தாள்.

யுத்த காலம், கிழக்குக் கரையில் ஒரு துறைமுகப் பட்டினம். உட்துறைமுக வீதிக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் கொம்பியூட்டர் நிலையம் இருந்தது. ஆறு கொம்பியூட்டர்கள். அதில் நான்கு ஒழுங்காக வேலை செய்யும். தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அதை நடத்தினார். எல்லோரும் அவரை சேர் என்றுதான் கூப்பிடுவோம். நான் லிங்கநகரிலிருந்து சைக்கிளில் வருவேன். கொழும்பில் ஒன்றரை வருடம் படித்துவிட்டு, அங்கே தமிழ்ப் பெண் ஒருத்தி தனியாக அறை எடுத்துத் தங்குவது பெரிய பாடு என்பதால் திரும்பி வந்தவள். வயது இருபத்தாறு. அந்த நிலையத்தில், ஏன் அந்த வீதியிலேயே, புரோகிராம் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதை நானாகப் போய் யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் யாராவது அதைச் சொல்லாமல் விட்டால் அன்று முழுக்க எனக்கு மனம் சரியிராது.

அவள் மூதூரிலிருந்து வந்தாள். காலை லோஞ்சில் குடாவைக் கடந்து, இறங்குதுறையில் வரிசையில் நின்று பையைத் திறந்து காட்டி, எட்டரை மணிக்கு மாடிப்படி ஏறுவாள். முக்காட்டின் நெற்றிப் பக்கம் எப்போதும் கொஞ்சம் உப்பு ஈரம் இருக்கும். என்னைவிட நான்கு வயது இளையவள். டைப்பிங் சொல்லிக்கொடுக்கத்தான் சேர் அவளை எடுத்தார். புரோகிராம் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதனாலோ என்னவோ, முதல் நாளே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. மத்தியானம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அவளுடைய உம்மா எனக்கும் சேர்த்து இறால் பொரித்து அனுப்புவார். வெள்ளிக்கிழமைகளில் நான் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்த பிறகு, அந்த நாட்களில் அவளும் மீன் கொண்டுவருவதை விட்டுவிட்டாள். அதை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. நானாகக் கவனித்ததுதான்.

அந்த வருடம் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் இருந்த மீனவர் சங்கம் ஒன்றுக்கு ஒரு உதவி நிறுவனம் கொம்பியூட்டரும் பிரிண்டரும் கொடுத்தது. அப்போது கடலுக்குப் போவதென்றால் பாஸ் வேண்டும். மறுநாள் எந்தெந்த வள்ளம் போகிறது, ஒவ்வொன்றிலும் யார் யார் போகிறார்கள், எஞ்சின் இலக்கம் என்ன, அடையாள அட்டை இலக்கம் என்ன என்று பட்டியல் போட்டு, முந்தின நாள் பன்னிரண்டு மணிக்குள் படை முகாமில் கொடுக்க வேண்டும். கையெழுத்தில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். அதுவரை ஒரு பழைய தட்டச்சு இயந்திரத்தில் காபன் தாள் வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இலக்கம் பிழைத்தால் அந்த வள்ளம் கரையில்தான். இந்தப் பட்டியலைத் தானாகவே எடுத்துத் தரும் ஒரு புரோகிராம் எழுதித் தரும்படி சங்கம் சேரிடம் கேட்டது. சேர் என்னிடம் தந்தார்.

இரண்டரை மாதம் எழுதினேன். கரண்ட் போகும், வரும். போகும்போது எழுதினதில் பாதி போய்விடும். பிறகு திரும்ப எழுதுவேன். ஒரு இடத்தில் மட்டும் வழி தெரியாமல் நின்றேன். தமிழ் எழுத்தைப் போட்டால் சங்கத்துக் கொம்பியூட்டரில் வெறும் கோடும் புள்ளியுமாகத் தெரிந்தது. ஆங்கிலத்தில் போட்டால் அதைப் பாவிக்கப் போகிற செயலாளருக்கு வாசிக்கத் தடுமாற்றம். அவர் காலில் அடிபட்டுத் தொழிலை விட்டபின் சங்கத்து மேசையில் உட்கார்ந்தவர். ஆங்கில இலக்கங்களும் பெயர்களும் எழுதுவார், அதற்கு மேல் இல்லை. சேர்தான் சொன்னார், எழுத்துக்குப் பதிலாகப் படம் போடலாமே, மூதூர்ப் பிள்ளை நன்றாகக் கீறுவாள் என்று.

ஐகன் என்பது முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு புள்ளி கொண்ட சின்னச் சதுரம். அதற்குள் ஒரு பொருள் தெரிய வேண்டும். நான் ஏற்கெனவே முயன்று பார்த்திருந்தேன். நான் கீறிய வள்ளம் வாழைப்பழம் மாதிரி வந்தது. அதை அழித்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. அவள் நான்கு நாளில் ஏழு படங்கள் கீறினாள். வள்ளம், எஞ்சின், ஆள், வலை, அடையாள அட்டை, பிரிண்டர், வெளியேறுவதற்கு ஒரு கதவு. புள்ளி புள்ளியாக மவுஸால் வைத்தாள். வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளி, அடியில் ஒரு கறுப்புக் கோடு. அவ்வளவுதான். பார்த்தால் வள்ளம் தண்ணீரில் நின்றது.

சங்கத்தின் மேசையில் அதைக் காட்டப் போன நாள்தான் எல்லாம் தொடங்கியது. சேர், நான், அவள். சங்கத்தில் தலைவர், செயலாளர், இன்னும் மூன்று பேர், உதவி நிறுவனத்து அதிகாரி ஒருவர். நான் தேடும் பகுதியைத் திறந்து, ஒரு அடையாள அட்டை இலக்கத்தை அடித்து, கண் இமைக்கும் நேரத்தில் ஆளின் விபரம் முழுக்க வருவதைக் காட்டினேன். அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

“இந்த வள்ளம் ஆர் கீறினது?” என்று கேட்டார். “எங்கட கோயிலடியில இழுத்து விடுற வள்ளம் மாதிரியே கிடக்கு.”

சேர் அவளைக் காட்டினார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தலைவர் மற்றவர்களைக் கூப்பிட்டு எஞ்சின் படத்தைக் காட்டினார். அது இன்ன ரக எஞ்சின் என்று ஒருவர் சொல்ல, இல்லை வேறு ரகம் என்று மற்றவர் சொல்ல, இரண்டு புள்ளிக்காக ஒரு வாக்குவாதமே நடந்தது. அவளுக்கு வெட்கம். முக்காட்டை இழுத்துக்கொண்டு சிரித்தாள். அதிகாரி வெளிக்கிடும்போது அவளிடம்தான் தன் விசிட்டிங் கார்ட்டைக் கொடுத்தார். “நல்ல புரோகிராம்” என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். அவளிடம். நான் பக்கத்தில் பிளக்கைக் கழற்றிக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் கதைக்கவில்லை. அவளுக்குக் காரணம் விளங்கவில்லை. வெயிலில் தலையிடியா அக்கா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு வந்த கிழமைகளில் எனக்கு வேறு நினைப்பே இல்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் குறை தேடினேன். அவள் சத்தமாகச் சிரிக்கிறாள் என்று பட்டது. மாணவிகள் டைப்பிங் வகுப்பு முடிந்த பிறகும் அவளைச் சுற்றி நிற்கிறார்கள் என்று பட்டது. வீட்டில் அம்மா வழக்கம்போல அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள், ஒருநாள் சாப்பிடக் கூட்டிவா என்றார். அவளுக்கு நேரமில்லை என்று பொய் சொன்னேன். மத்தியானங்களில் எனக்குப் பசியில்லை என்று சொல்லி, அவள் சாப்பிட்டு முடித்தபின் தனியே சாப்பிட்டேன். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

புரோகிராமை முடித்து இறுதியாகக் கட்டித்தர வேண்டிய நாள் வந்தது. இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். படங்களைப் புரோகிராமோடு சேர்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ஐகன் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி, புரோகிராமின் வயிற்றுக்குள்ளேயே வைத்து, ஒரே கோப்பாக ஆக்கிவிடுவது. பிறகு அந்தக் கோப்பை எங்கே கொண்டுபோனாலும் படங்களும் கூடவே போகும். யாரும் தனியே பிடுங்கி எடுக்க முடியாது. மற்றது, படங்களைப் பக்கத்தில் ஒரு ஃபோல்டரில் போட்டுவைத்து, திறக்கும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி புரோகிராமுக்குச் சொல்வது. அந்த ஃபோல்டர் காணாமல் போனால் புரோகிராம் திறக்காது. முதலாவதுதான் சரியான முறை. எனக்கு அது நன்றாகத் தெரியும். அரை நாள் வேலைகூட இல்லை.

நான் இரண்டாவது வழியில் செய்தேன். என் புரோகிராமின் உள்ளே அவளுடைய படங்கள் இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. இதை எழுதும்போது எனக்கே சிறுபிள்ளைத்தனமாகப் படுகிறது. ஆனால் அன்று அது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. அவள் கோப்புகளுக்கு வள்ளம், வலை என்று தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்திருந்தாள். அவற்றை அழித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டேன். ஃபோல்டருக்கு ஒரு பெயர் வேண்டும் என்று வந்தபோது, ‘எக்ஸ்ட்ரா’ என்று வைத்தேன். மேலதிகமானது. இல்லாவிட்டாலும் பரவாயில்லாதது. புரோகிராமைப் பற்றிய விபரப் பெட்டியில் என் பெயரை மட்டும் போட்டேன்.

அவள் பின்னால் வந்து நின்று, “படமெல்லாம் உள்ளுக்குப் போயிட்டா அக்கா?” என்று கேட்டாள்.

“ஓம்” என்றேன்.

புரோகிராம் சல்லியில் ஐந்து மாதம் நன்றாக ஓடியது. செயலாளர் ஒருநாளும் ஆங்கிலச் சொல் ஒன்றையும் வாசிக்கவில்லை. வள்ளத்தை அழுத்துவார், ஆளை அழுத்துவார், பிரிண்டரை அழுத்துவார். பட்டியல் வரும். சைக்கிளில் முகாமுக்குக் கொண்டுபோவார். சந்தையில் சேரைக் கண்டால் அந்தப் படம் கீறின பிள்ளை சுகமா என்று கேட்பாராம். சேர் அதை வந்து சொல்வார். நான் மாணவர்களின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருப்பேன்.

ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செயலாளர் மாடிப்படி ஏறி வந்தார். அடிபட்ட காலோடு சல்லியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருந்தார். சேட்டு நனைந்து ஒட்டியிருந்தது. கொம்பியூட்டர் தந்த நிறுவனத்திலிருந்து முதல்நாள் பின்னேரம் ஒருவர் வந்து, மெதுவாக ஓடுகிறது என்று தேவையில்லாததையெல்லாம் அழித்துத் துப்புரவு செய்துவிட்டுப் போனாராம். இன்று காலை புரோகிராம் திறக்கிறதில்லை. ஏதோ இங்கிலிஷில் ஒரு பெட்டி வருகிறது, அதை அழுத்தினால் எல்லாம் மூடிப்போகிறது. பழைய தட்டச்சு இயந்திரத்தை வேறு சங்கத்துக்குக் கொடுத்தாயிற்று. பன்னிரண்டு மணிக்குள் பட்டியல் போகாவிட்டால் நாளைக்கு ஒரு வள்ளமும் இறங்காது.

அவர் பாதி சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. ‘எக்ஸ்ட்ரா’ என்று ஒரு ஃபோல்டரைக் கண்டால் துப்புரவு செய்ய வந்தவர் வேறென்ன செய்வார்? சேர் என்னைப் பார்த்தார். என்னவாயிருக்கும் என்று கேட்டார். நான் ஒரு கணம்தான் யோசித்தேன்.

“படங்களிலதான் ஏதோ பிழை போல, சேர்” என்றேன்.

அவள் முகம் செத்துப்போயிற்று. சேர் அவளைக் கோபமாகப் பேசவில்லை. ஆனால் இரண்டு பேரும் இப்பவே போய்ச் சரிசெய்துவிட்டு வாருங்கள், படத்தை நீங்களே பாருங்கள் தங்கச்சி என்று அவளிடம் சொன்னார். நான் புரோகிராமையும் படங்களையும் ஒரு பிளொப்பித் தட்டில் எடுத்துப் பையில் வைத்தேன். அங்கே போய் அவளுக்குத் தெரியாமல் ஃபோல்டரை மெல்லத் திரும்பப் போட்டுவிட்டால் விஷயம் முடிந்தது என்பது என் கணக்கு.

செயலாளரின் சைக்கிளையும் பின்னால் கட்டிக்கொண்டு மூவரும் ஆட்டோவில் வெளிக்கிட்டோம். சல்லிக்குப் போகும் வழியில் சோதனைச்சாவடியில் ஆட்டோவை நிறுத்தினார்கள். பையைக் கொட்டிப் பார்த்த சிப்பாய் பிளொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளே என்ன என்று சிங்களத்தில் கேட்டான். மீன்பிடிப் பாஸ் பட்டியல் என்று செயலாளர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினார். அவன் அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்றான். அதிகாரி வெளியே போயிருந்தார். நாங்கள் வெயிலில் நின்றோம். பத்து மணி தாண்டியது. கடைசியில், பிளொப்பி இங்கே இருக்கட்டும், திரும்பி வரும்போது எடுத்துக்கொண்டு போங்கள், ஆட்கள் போகலாம் என்றான். அவன் தன் வேலையைத்தான் செய்தான். நான்தான் கையில் ஒன்றுமில்லாமல் சல்லிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சங்கத்துக் கட்டடத்துக்கு வெளியே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. வழிவிட்டார்கள். நான் கதிரையில் உட்கார்ந்து புரோகிராமைத் திறந்தேன். கோப்பு ஒன்றைக் காணவில்லை என்ற செய்தி வந்து, மூடிக்கொண்டது. அழித்தவற்றைப் போட்டுவைக்கும் தொட்டியைப் பார்த்தேன். அதையும் வெறுமையாக்கிவிட்டுப் போயிருந்தார் அந்த மனிதர். புரோகிராமைத் திரும்பக் கட்டுவதற்குரிய கருவி ஒன்றும் அந்தக் கொம்பியூட்டரில் இல்லை.

அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். சுவர் மணிக்கூட்டில் பத்தே முக்கால்.

“என்ன கேக்குது அக்கா இது?”

ஒரு படத்தைக் காணவில்லையாம் என்றேன்.

“படம் உள்ளுக்கு இரிக்குதானே. நீங்க சொன்னீங்களே.”

அவள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரோகிராம் தெரியாது. ஆனால் மடைச்சி இல்லை. செயலாளர் பின்னால் நின்றார். அவருக்கு நாங்கள் என்ன கதைக்கிறோம் என்று விளங்கியிராது. அவர் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் என்னை எழும்பச் சொன்னாள். கொம்பியூட்டரோடு வருகிற சாதாரணப் படம் கீறும் பகுதியைத் திறந்தாள். அதில் ஐகனாகச் சேமிக்க முடியாது. ஆனால் வேறு வகைப் படத்துக்கு ஐகனின் பெயரை வைத்தால் புரோகிராம் ஏமாந்து எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, சதுரத்தை அளந்து, வள்ளத்தைக் கீறத் தொடங்கினாள். முதல் முறை நான்கு நாள் எடுத்தவள். இந்த முறை பத்து நிமிடம்.

“என்ன பேரில சேவ் பண்ண?” என்று கேட்டாள். “வள்ளம் எண்டா?”

“ஒண்டு” என்றேன். “இலக்கம் ஒண்டு.”

“எந்த ஃபோல்டருக்குள்ள?”

அதைச் சொல்லாமல் தப்ப எனக்கு வழியில்லை. புரோகிராம் அந்தப் பெயரைத்தான் தேடும். நான் சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை என்று திரும்பக் கேட்டாள். இரண்டாவது தடவையும் சொன்னேன். அவள் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். அடித்து முடித்து, அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

“இனி ரெண்டு என்ன?” என்று மட்டும் கேட்டாள்.

எஞ்சின், ஆள், வலை. ஒவ்வொன்றாகக் கீறினாள். நான் இலக்கம் சொன்னேன். ஒரு படத்தை வைத்துத் திறந்தால் அடுத்ததைக் காணவில்லை என்று புரோகிராம் நின்றது. அவள் கீறுவதை அவ்வளவு கிட்ட இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த நேரத்திலும், அத்தனை பேர் வாசலில் நிற்கும்போதும், இது எனக்கு வராது, ஒருநாளும் வராது என்று உள்ளே எரிந்தது. வெட்கம் வந்தால் பொறாமை போய்விடும் என்று நினைப்போம். அப்படியில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும்.

ஏழாவது படத்தை வைத்தபோது புரோகிராம் திறந்தது. வாசலில் நின்ற ஒருவர் பெருமூச்சு விட்டது கேட்டது. செயலாளர் உட்கார்ந்து வள்ளத்தை அழுத்தி, ஆளை அழுத்தி, பிரிண்டரை அழுத்தினார். புள்ளி அச்சு பிரிண்டர் வரி வரியாக இழுத்து அடித்தது. பட்டியல் முழுக்க வெளியே வர பதினொன்று ஐம்பது. அவர் அதை மடித்துச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் போனார்.

ஒரு மணிக்குத் திரும்பி வந்தார். பட்டியல் சேட்டுக்குள்ளேயே இருந்தது. நேரம் பிந்திவிட்டது, நாளைக்குக் கொண்டு வா என்று சொல்லிவிட்டார்களாம். வாசலில் நின்றவர்கள் கலைந்து போனார்கள். மறுநாள் சல்லியில் அந்தச் சங்கத்து வள்ளம் ஒன்றும் கடலில் இறங்கவில்லை. காற்றில்லாத நல்ல நாள் அது. நான் லிங்கநகரிலிருந்து சைக்கிளில் வரும்போது கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது எனக்கு இன்றைக்கும் ஞாபகம்.

திரும்பும் வழியில் சோதனைச்சாவடியில் பிளொப்பியைத் தந்தார்கள். ஆட்டோவுக்குள் அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். உப்புவெளி தாண்டினபின் நான், நான்தான் வெளியே வைத்தேன் என்றேன். அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

“நான் உங்களுக்கு என்ன செஞ்ச அக்கா?” என்று கேட்டாள்.

அவள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அதைச் சொன்னேன். அது அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. பின்னேர லோஞ்சுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்குதுறையடியில் இறங்கிப் போய்விட்டாள்.

நிலையத்தில் சேர் என்ன நடந்தது என்று கேட்டார். படம் அழிபட்டுப் போயிருந்தது, திரும்பக் கீறி வைத்தோம், பட்டியல் பிந்திவிட்டது என்றேன். எல்லாம் உண்மை. ஒன்றும் உண்மையில்லை. மூதூர்ப் பிள்ளை இனிக் கவனமாக இருக்க வேண்டும் என்றார் அவர். நான் அதைத் திருத்தாமல் வகுப்புக்கு எழும்பிப் போனேன்.

அடுத்த நாள் அவள் வந்தாள். வகுப்பு எடுத்தாள். என்னை அக்கா என்றே கூப்பிட்டாள். ஆனால் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியோடு கீழே பேக்கரிக்காரரின் மகள் இருக்கும் இடத்துக்குப் போனாள். சேரிடம் அவள் ஒரு சொல் சொல்லவில்லை. நான் சொல்வேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நாள் போகப் போக, அவள் போய்ச் சொல்லித் தொலைத்தால் நல்லது என்று இருந்தது. அவள் சொல்லவில்லை. அந்தப் பொறுமையும் என்னிடம் இல்லாத இன்னொன்று என்று அதற்கும் எரிச்சல்பட்டேன்.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, சேர் தனியே இருந்தபோது போய்ச் சொன்னேன். நின்றபடியே சொன்னேன். ஃபோல்டரின் பெயரையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னை வேலையிலிருந்து நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு என்னை விட்டால் புரோகிராம் எழுத ஆளில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனாலேயே அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது.

“சல்லிக்குப் போய் அவையிட்டச் சொல்லுங்கோ” என்றார். “பிறகு அந்தப் பிள்ளைக்குப் புரோகிராம் எழுதப் பழக்குங்கோ. நீங்கள் ஒராள் மட்டும் தெரிஞ்சு வைச்சிருந்தது போதும்.”

முதலாவது சுலபமாக முடிந்தது. படங்களை உள்ளே வைத்துக் கட்டிய புதிய கோப்பைக் கொண்டுபோய்ப் போட்டேன். விபரப் பெட்டியில் இரண்டு பேருடைய பெயரும் இருந்தது. செயலாளரிடம் என்னுடைய பிழையால்தான் அன்று வள்ளம் இறங்கவில்லை என்றேன். அவர், இனி அழிபடாதுதானே என்று கேட்டார். அழிபடாது என்றேன். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இரண்டாவதுதான் கஷ்டம். என்னிடம் இருந்த ஒன்றை என் கையாலேயே எடுத்துக் கொடுக்கச் சொன்னார் சேர். தினமும் பதினொரு மணியிலிருந்து ஒரு மணித்தியாலம். முதல் மாதம் நான் அரைகுறையாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். எங்கே விழுவாள் என்று தெரிந்தும் சொல்லாமல் விடுவேன். அவள் விழுவாள், எழும்புவாள், மறுநாள் அந்த இடத்தை என்னைவிட நன்றாகத் தெரிந்துகொண்டு வருவாள். லோஞ்சில் இருந்துகொண்டு கொப்பியில் எழுதிப் பார்ப்பாளாம். நான் மறைத்ததெல்லாம் அவளுக்குப் பாடமாகிப் போனது. இரண்டாம் மாதம் எனக்கே அலுத்துப்போய் முழுதாகச் சொல்லிக்கொடுத்தேன். ஐகன்களைக் கட்டி உள்ளே வைக்கும் முறையைச் சொன்ன நாளில் அவள் சிரிக்கவுமில்லை, குத்திக் கதைக்கவுமில்லை. இது அரை நாள் வேலைகூட இல்லையே என்றாள். இல்லைதான் என்றேன்.

சாப்பாடு மட்டும் பழையபடி ஒன்றாக ஆகவில்லை. சில நாள் வந்து இருப்பாள், சில நாள் வரமாட்டாள். வெள்ளிக்கிழமைகளில் மீன் கொண்டுவரத் தொடங்கியிருந்தாள்.

எட்டு மாதம் போனபின், மட்டக்களப்பில் ஒரு நிறுவனத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவந்தது. அவள் விண்ணப்பம் எழுதினாள். அவளுடைய வேலையைப் பற்றிக் கடிதம் ஒன்று வேண்டும் என்றார்கள். சேர் என்னை எழுதச் சொன்னார். உங்களுக்குத்தானே அவவின்ர வேலை தெரியும், நான் கையெழுத்து வைக்கிறன் என்றார்.

மூன்று தரம் எழுதினேன். முதலாவதில், அழகாகப் படம் கீறுவாள், ஒழுங்கானவள், நேரத்துக்கு வருவாள் என்று இருந்தது. வாசித்துப் பார்த்தேன். அந்தக் கடிதத்துக்கு யாரும் புரோகிராம் வேலை தரமாட்டார்கள். ஒரு சொல் பொய்யில்லாமல் அவளைக் கவிழ்த்துவிடக்கூடிய கடிதம் அது. அதைக் கிழித்தேன். இரண்டாவதில், விரைவாகக் கற்றுக்கொள்வாள் என்று சேர்த்தேன். அதையும் கிழித்தேன். மூன்றாவதில், என்னால் எழுதக்கூடிய எந்தப் புரோகிராமையும் இவரால் எழுத முடியும், என்னால் முடியாத சிலவும் இவரால் முடியும் என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் விறாந்தையில் போய் நின்றேன். எங்கள் ஊர் வீதிகளில் திரியும் மான்களில் ஒன்று கீழே பேக்கரிக் கடதாசியைத் தின்றுகொண்டிருந்தது. பிறகு உள்ளே போய் அதை அச்செடுத்தேன்.

வேலை கிடைத்தது. அவள் கடைசி நாள் லோஞ்சுக்குப் போகும்போது நானும் இறங்குதுறை மட்டும் நடந்தேன். சேர் கையெழுத்து வைத்த கடிதத்தின் பிரதி ஒன்று அவளுடைய கோப்புறையில் இருந்தது. வரிசையில் நிற்கும்போது அதை எடுத்து, அப்போதுதான் முதல் தடவையாக முழுக்க வாசித்தாள். நான் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இதில ஒரு ஸ்பெல்லிங் பிழை இரிக்கு அக்கா” என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாங்கிப் பார்த்தேன். பிழைதான். என்னால் முடியாத சிலவும் என்ற வரியில்தான் இருந்தது. ஒன்று, நான் அவசரத்தில் அடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மனமில்லாமல் அடித்திருக்க வேண்டும். அவள் சிரித்தாள். பழைய மாதிரி, சத்தமாக. நானும் சிரித்துவிட்டேன்.

போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடச் சொன்னேன். போடுறன் அக்கா என்றாள். பையைத் திறந்து காட்டிவிட்டுத் தடுப்புக்கு அப்பால் போனாள். லோஞ்சில் ஏறினபின் கூட்டத்துக்குள் எது அவள் என்று தெரியவில்லை.

லோஞ்சு வளைந்து திரும்பும்வரை நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது. நாளையிலிருந்து அந்த மாடியில் புரோகிராம் எழுதத் தெரிந்தவள் மறுபடி நான் ஒருத்திதான் என்ற நினைப்பு வந்தது. வந்ததைத் துரத்தவும் எனக்கு மனம் வரவில்லை. நாலு மணி வகுப்புக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்று நடந்தேன்.